மாமா சொல்லிக்கொடுத்த வயிற்றுவலி

தோவாளை மாமாவுக்கு மெதுவாகப் பேச வராது. பூச்சந்தையில் விலை கூவிப் பழகிய தொண்டை. தக்கலையில் எங்கள் வீட்டுக்கு அவர் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு எட்டு வயதானபோது, அந்த மாமா இதயம் தளர்ந்துபோய் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தார்.

அந்தப் பிரிவின் வாசலில் கிடந்த இரும்பு நாற்காலியை விட்டு அத்தை நகரவே இல்லை. குளியலும் பல் தேய்ப்பதும் ஆஸ்பத்திரியிலேயேதான். அம்மா தூக்குவாளியில் கொண்டுபோகும் சோறு பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்தது. பார்வையாளர் நேரம் நெருங்கும்போது மட்டும் அத்தை முகம் கழுவி, தலை வாரி, சந்தைக்காரர்கள் கொண்டுவந்து தரும் பிச்சிப்பூவை வைத்துக்கொள்வாள். சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று நான் யோசித்ததுண்டு.

குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஒரு சனிக்கிழமை மட்டும் டாக்டர் அப்பாவைத் தனியே அழைத்துப் பேசினார். திரும்பி வந்த அப்பா, "மாமாவப் பாக்கியா மக்ளே?" என்றார். எப்படியோ பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாரே என்று அப்பாவின் சாமர்த்தியத்தை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

உள்ளே மாமா பாதியாக இருந்தார். அப்பா நர்ஸிடம் ஏதோ கேட்க நகர்ந்ததும் என்னை விரலால் அழைத்தார். முகமூடியைச் சற்றே விலக்கினார். அவ்வளவு சின்னக் குரல் மாமாவுக்கு உண்டென்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எனக்கு ஒரு காரியம் செய்வியா? வெளிய போயி வயறு நோவுதுன்னு சொல்லு. அத்தைதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போணும்னு அடம்பிடி." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவ ரெண்டு வாய் சோறு தின்னு உறங்கட்டும்."

"உங்களுக்கு யாரு துணை?"

"உங்கம்மை இருக்கால்லா. யாருகிட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா."

இதைவிடப் பெரிய பொறுப்பை அதுவரை யாரும் என்னிடம் ஒப்படைத்ததில்லை. வெளியே வந்ததும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "இந்த நேரத்துலயா ஒனக்கு" என்று அம்மா கடிந்துகொண்டு கையைப் பிடித்தாள். அத்தை வந்தால்தான் போவேன் என்று உதறினேன். அத்தை என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன் மதினி. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாறேன்."

பஸ்ஸில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்குப் போனதும் ஓமத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நாக்கு பொத்துப்போகும் காரம். எடுத்த வேஷத்துக்காக முழுவதையும் குடித்தேன். அத்தை குளித்தாள். கஞ்சியும் பயறும் வைத்தாள். வலியை மறந்து நான் இரண்டாம் தடவை கஞ்சி கேட்டேன். அத்தை நிறையவே ஊற்றினாள். அவளும் சாப்பிட்டாள். பிறகு என் பக்கத்தில் பாயில் படுத்து, என் வயிற்றின்மேல் கையை வைத்தபடி உறங்கிப்போனாள். மாமாவிடம் இதை எப்போது சொல்வோம் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அத்தையின் செல்போன் அடித்தது. அவள் உடனே எடுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, அவிழ்ந்திருந்த தலைமுடியை அள்ளி முடிந்தாள். பிறகுதான் எடுத்தாள். அப்பா பேசுவதைக் கேட்டு, "ம்" என்று மட்டும் சொன்னாள். போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வயறு நோவு மாறிட்டா மக்ளே?"

தலையாட்டினேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள், இத்தனை நாள் காத்துக் கிடந்தவளுக்குக் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஆற்றாமையோடு பேசினார்கள். நான் மாமாவுக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் தோவாளைக்குப் போயிருந்தேன். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி இல்லை, மாமாதான் சொல்லச் சொன்னார் என்றேன். அவள் கை நிற்கவில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியும். வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போன்னு எங்கிட்டச் சொல்லிப் பாத்தாரு. நான் கேக்கல்ல. கடைசியில உன்னைய அனுப்பினாரு." ஒரு காம்பை ஒதுக்கிப் போட்டாள். "நான் பாக்கப்பிடாதுன்னு நெனச்சாரு. செரி, அவரு கேட்டதக் குடுப்போம்னு எந்திரிச்சேன்."

அன்று மாமாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போன அத்தையை, கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மாமாவின் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்தாள். மறுபடி சரிசெய்தாள். பிறகு போர்வைக்குமேல் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. ஒரு போர்வையை இழுத்துவிட இவ்வளவு நேரமா, பஸ் போய்விடுமே என்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பொறுமையிழந்து நின்றேன்.