டைரி எண் பெற்ற பக்கம்

டெல்லியில், மத்திய அரசின் ஓய்வூதியத் துறையில் எங்கள் பிரிவுக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை கையால் எழுதப்பட்டவை. குடும்ப ஓய்வூதியம் நின்றுபோன பெண்கள், பெயரில் ஓர் எழுத்து மாறியதால் அலைக்கழிக்கப்படும் முதியவர்கள் எழுதுபவை. தமிழில் வருபவற்றை இந்தியில் மொழிபெயர்த்துத் தருவது பிரிவு அலுவலரான என் கடமைப் பட்டியலில் இல்லை. அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் அது என் மேசைக்கு வந்து தங்கிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்கிறேன்.

அதே ஆண்டுகளில் நான் கதைகளும் எழுதிவந்தேன் என்பது அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைத்ததல்ல. தொடக்கத்தில் சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. பிறகு சொல்லாமலிருப்பதே வசதியாகிவிட்டது.

இது நடந்தபோது என் நாவல் மூன்றாம் வருடத்தில் இருந்தது. காலையில் முனிர்காவில் மெட்ரோ ஏறி, ஹோஸ் காஸில் வண்டி மாறி, பெண்கள் பெட்டியில் நின்றபடியே எழுதுவேன். உட்கார இடம் கிடைத்த நாள்களில் தூங்கிவிடுவேன். மாலையில் ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கி, அங்குள்ள சந்தையில் இட்லி அரிசியும் சின்ன வெங்காயமும் வாங்கி வீடு சேர்ந்தால், சமையல், மகளின் பன்னிரண்டாம் வகுப்பு, ஓயாமல் ஒலிக்கும் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப். கணவருக்கு வேறு ஊரில் பணி. எல்லாம் முடிந்து தாளை எடுத்தால் எழுத்துகள் கலங்கும். எழுத வேண்டும் என்ற ஆசை போகவில்லை. ஆசைப்படுவதற்கான தெம்புதான் போயிருந்தது.

டெல்லியில் பிறந்த என் மகளுக்குத் தமிழ் பேசவரும், படிக்க வராது. ஒருநாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“யாரும்மா இதைப் படிக்கப் போறா? எனக்கே தெரியாது. இங்கிலீஷ்ல எழுதேன், அட்லீஸ்ட் நானாவது படிப்பேன்.”

குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை. அதனால்தான் அது மனத்தில் தங்கிவிட்டது.

அப்போது நான் நாவலில் ஆறு வாரமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் நாயகி, கணவனை இழந்தபின் கொழுந்தனின் வீட்டில் சமைத்தும் துவைத்தும் காலம் கழிப்பவள், ஒருநாள் வாய் திறக்கிறாள். “பதினோரு வருடமாக நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.” ஒரு மதிய உணவு நேரத்தில் அலுவலகத் தாளில் அதை மறுபடி எழுதத் தொடங்கி, முக்கால் பக்கம் வரை சென்று, “எனக்கு வேண்டியதெல்லாம்” என்ற இடத்தில் வழக்கம்போல் பேனா நின்றது. அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது.

மாலையில் பையில் அந்தத் தாள் இல்லை. வீட்டிலும் தேடினேன். ரயிலில் விழுந்திருக்கும் என்று தோன்றிய கணத்தில், எழுதக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அவளுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை. நாவலை அத்துடன் விட்டுவிடலாம் என்று அன்று முடிவு செய்தேன். இரண்டு நாள்கள் ரயிலில் எதுவும் எழுதாமல், சன்னல் கண்ணாடியில் தெரிந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் எங்கள் உதவியாளர், ஹரியானாவின் ரோத்தக்கிலிருந்து தினமும் வந்துபோகும் நடுவயதுக்காரர், என் முன்னே ஒரு தாளை வைத்தார். வந்த மனுக்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் டைரி எண் என்கிற பதிவெண் கொடுப்பது அவர் வேலை. கூட்டத்துக்கு ஓடும் அவசரத்தில் அந்தத் தாளைத் தமிழ் மனுக்களின் தட்டில் நானே வைத்துவிட்டிருக்கிறேன். என் கையெழுத்தின் தலையில் முத்திரை, எண், தேதி. திரையில் என் மேலதிகாரியான சார்புச் செயலாளரின் குறிப்பு: மனுதாரரின் கோரிக்கை என்ன? இன்றே மொழிபெயர்த்துத் தரவும்.

கையொப்பமும் முகவரியும் இல்லையே, எப்படி எண் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பாவம், யாரோ ஒரு விதவை, அவசரத்தில் விட்டிருப்பாள் என்றார். ஏற்றியதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். எண் விழுந்துவிட்டால் காரணம் எழுதித்தான் முடித்துவைக்க வேண்டும். அது எனக்கே தெரிந்த விதி.

சார்புச் செயலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர், லக்னோக்காரர். எதிரில் அமர்ந்து அந்தப் பக்கத்தை இந்தியில் வாசித்தேன். முதல் வரியிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏனோ வாசித்துக்கொண்டே போனேன். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு வேண்டியதெல்லாம்” என்பதில் நிறுத்தினேன்.

“சொல்லுங்க மேடம், என்ன வேணுமாம்?”

இது மனு அல்ல, நான் எழுதும் நாவலின் ஒரு பக்கம், தவறு என்னுடையது என்றேன். மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன்.

“அச்சா,” என்றார். “அது சரி. ஆனா அந்தம்மாவுக்கு என்ன வேணும்?”

“தூங்கணும்,” என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்தவளின் வாயிலிருந்து வந்தது. சொன்ன பிறகுதான் என் பிழை எனக்குப் புரிந்தது. இல்லாத நேரத்தைக் கடன் வாங்கி எழுதுகிறவள் என்பதால், என் களைப்பு பக்கத்தில் பட்டுவிடக் கூடாது என்று மூன்று வருடமாகக் காவல் காத்திருந்தேன். ஒரு வீட்டையே சுமக்கும் அந்தப் பெண், இருநூறு பக்கத்தில் ஒருமுறைகூடக் கொட்டாவி விட்டதில்லை. நிலம் கேட்பாளா, நகை கேட்பாளா, நியாயம் கேட்பாளா என்று ஆறு வாரம் அவளையே துளைத்துக்கொண்டிருந்தேன்.

சார்புச் செயலாளர் சிரிக்கவில்லை. “அதை யார்கிட்ட மனு போட்டு வாங்கறது?” என்றார். பிறகு, முடித்துவைக்கும் காரணத்தை நானே எழுதித் தரும்படி சொன்னார்.

இருக்கைக்குத் திரும்பித் தட்டச்சு செய்தேன்: மேற்படி தாள் மனு அல்ல, பிரிவு அலுவலர் எழுதிவரும் நாவலின் பகுதி, தவறுதலாகச் சேர்க்கப்பட்டது. அலுவலகக் கணினியில் ‘நாவல்’ என்ற சொல்லை நான் அடித்தது அதுவே முதல்முறை. உதவியாளர் படித்துவிட்டு, “நாவலா மேடம்? நான் நிஜம்னு நெனச்சு ரெண்டு நாளா அர்ஜென்ட்ல வெச்சிருந்தேன்,” என்றார். தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். தாளை என்னிடம் திருப்பித் தந்தார்.

நாவலின் அந்த அத்தியாயத்தில் அவள் தூக்கத்தைக் கேட்கிறாள். யாரும் மறுக்கவில்லை, யாரும் சம்மதிக்கவும் இல்லை. நடுப்பகலில் அறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறாள். அடுப்பு அணைந்து கிடக்கிறது. அவள் தூங்குவதை மட்டுமே நான்கு பக்கம் எழுதினேன். அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. சில நாள் ஒரு வரி, பல நாள் அதுவும் இல்லை. ஆனால் எழுதாத நாள்களிலும் அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.