ஒரே ஈற்றில் தேறியவள்

டென்னசி மலைச்சரிவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வெர்லீனுக்கு எலி வீட்டில் வேலை. கூண்டு கழுவுவாள், தீனி வைப்பாள், ஜோடி சேர்ப்பாள், வேண்டாததைக் கொல்வாள். எதற்கும் தயங்கியதில்லை.

அவள் பார்த்துக்கொண்ட ஓர் எலி வம்சத்தில் ஆண்குட்டிகளில் பாதிக்குத் தோல் செதிலாகும், காது தடிக்கும், பால்குடி மறக்குமுன் செத்துப்போகும். தாய் மட்டும் கொழுகொழுவென்றிருப்பாள். எந்தப் பெண் எலி நோயைச் சுமக்கிறது என்று பார்த்தால் தெரியாது. அதற்கு அங்கே ஒரு வழக்கம்: ஒரு ஈற்று குட்டி போட விடுவார்கள். மகன்கள் எல்லாம் நன்றாக இருந்தால் அவள் தேறியவள், நோயைச் சுமக்காதவள்.

ஒருநாள் செதில் குட்டியொன்றை டாக்டர் மெரிட்டிடம் நீட்டியபோது சொன்னாள்: "என் மகன் ராயும் இப்படித்தான் இருந்தான். தவழக்கூட இல்ல, போயிட்டான். என் பாலு விஷம்னு மாமியார் சாகுற வரைக்கும் சொன்னா."

மெரிட் குட்டியை வாங்கவில்லை.

"பால் இல்ல வெர்லீன். கிருமியோட சண்டை போடுற செல்லுங்க இருக்கில்ல, அதுங்ககிட்ட 'போதும், நிறுத்து'ன்னு சொல்றதுக்குன்னே ஒரு கூட்டம் வேணும். ஒழுங்குபடுத்துற டி செல்லுங்க. இதுக்கு அந்தக் கூட்டம் சரியா அமையல. அதான் சொந்தத் தோலையும் குடலையும் எதிரின்னு நெனச்சு அடிக்குது. மனுஷங்களுக்கும் இது வரும். தாய் வழியா."

"அப்ப சுமந்தது நான்."

"உங்க பொண்ணுக்கு ரத்தம் பாத்துடுங்க."

மகள் டான்சி இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அதுவும் பையன் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டர் சொன்னதை வெர்லீன் அவளிடம் சொன்னாள்.

"பாக்கணுமாம்மா? பயமா இருக்கு."

மேசையில் மூத்தவன் கால்பி ரொட்டியில் வழிந்த பாகை நக்கிக்கொண்டிருந்தான். பீச் பழம் போல் தோல்.

"உனக்கு எதுக்குடி? இவனைப் பாரு. நீ தேறிட்ட."

"டாக்டர் சொல்றாரே?"

"அந்த ஆளுக்குக் கூண்டு திறக்கவே தெரியாது. கடி வாங்கிட்டு நிப்பான். நான் பாக்காத எலியா!"

டான்சி சிரித்துவிட்டாள். ரத்தம் கொடுக்கவில்லை.

ஓரின் பிறந்தான். சில வாரத்தில் கழுத்தில் சிவந்தது. நிற்காமல் வயிற்றால் போனது. குளிப்பாட்டத் துணியை அவிழ்த்த வெர்லீன் குழந்தையின் முதுகில் செதிலைப் பார்த்தாள். துணியால் அதை மறுபடி மூடினாள். பிறகு வாயிலிருந்து வந்தது:

"உன் பாலு ஒத்துக்கல போலிருக்குடி."

டான்சி தாய்ப்பாலை நிறுத்தி டப்பாப் பாலுக்கு மாறினாள். அதில் நாட்கள் போயின. நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது குழந்தைக்குச் சர்க்கரையும் ஏறியிருந்தது. மாற்றி வைக்க அண்ணனின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது. ஆனால் அதைத் தாங்கும் தெம்பு தம்பியிடம் இல்லை. முன்பே தெரிந்திருந்தால் பிறந்ததுமே மருந்து தொடங்கியிருப்போம் என்றார்கள்.

அடக்கம் முடிந்ததும் தேவாலய வாசலில் டான்சி கேட்டாள்:

"உன் எலிக்கு ஒரு ஈத்துல எத்தனை பசங்கம்மா?"

"நாலு. அஞ்சும் இருக்கும்."

"எனக்கு? ஒருத்தனப் பாத்துத்தானே தேறிட்டேன்னு சொன்ன?"

வெர்லீனின் இடுப்பில் கால்பி தூங்கி வழிந்தான். டான்சி அவனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மருமகன் வண்டியைக் கிளப்பினான். கால்பி பின்கண்ணாடி வழியே பாட்டிக்குக் கை காட்டினான். டான்சி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.