பயிற்சி ஆட்டம்

"முன்னால் நடக்க இங்கே தொடவும்" என்று கைப்பேசித் திரையில் ஒரு மஞ்சள் அம்புக்குறி துடிக்கிறது. தொட்டேன். பொம்மை நடந்தது. "அருமை!" என்றது விளையாட்டு. நடந்ததற்கெல்லாம் ஒரு அருமை! அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, புதுப்பட்டினத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் அழுகை வரவில்லை.

ஆறாம் வகுப்பில் பக்கத்து வீட்டு ஸ்டீபன் தன் வீடியோ கேமை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரே ஒரு மணி நேரத்துக்கு இரவல் தந்தான். ஆறு மணிக்குத் திருப்பித் தர வேண்டும். ஆட்டத்துக்கு முன் வரும் பயிற்சியை நான் முடிப்பதற்குள், கொத்து வேலையிலிருந்து வந்த அப்பா ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டார். கையிலிருந்த சிமென்ட் பொத்தான்களில் ஒட்டியது. நடந்தார், குதித்தார், குனிந்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

"நைனா, இது சும்மா கத்துக்குடுக்கறது. நெஜ ஆட்டம் இதுக்கப்புறம்தான் கீது!"

"அதுல இன்னாடா ஆவும்?"

"அடிப்பானுங்க. செத்துடுவோம்."

"அப்ப இதே போதும். கீழ வுயுந்தாலும் எழுப்பிவுட்டு 'குட்'டுன்றான் பாரு. எங்க மேஸ்திரி ஒருநாள் சொல்லிக்கீறானா?"

நாலாவது முறை அவர் குதித்துக்கொண்டிருந்தபோது ஸ்டீபன் வந்து ஒயரைக் கழற்றினான். நிஜ ஆட்டத்தை நான் பார்க்கவேயில்லை. ஒரு வாரம் அப்பாவோடு பேசவுமில்லை.

பேருந்து நெம்மேலியைத் தாண்டுகிறது. "பயிற்சி முடிந்தது. ஆட்டத்தைத் தொடங்கலாமா?" என்று கேட்கிறது திரை. அதற்குக் கீழே இருந்த 'மீண்டும் பயிற்சி'யைத் தொட்டேன். பொம்மை முதலிலிருந்து நடந்தது.

"அருமை!" என்றது.