மூன்றாவது பொருள்

“நூத்துல ஏழு போனா எவ்வளவுப்பா?”

சாயங்காலம் ஆறு மணியானால் எதிர் வீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவள் மனநல மருத்துவ மேற்படிப்பில் கடைசி வருஷம். பதில் சொல்பவர் அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தேர்வில் ஒரு நோயாளியிடம் இப்படிக் கேள்விகள் கேட்டு, மனநிலையைச் சோதித்துக் காட்டவேண்டும். ஒத்திகைக்கு வீட்டில் கிடைத்த ஒரே நோயாளி அவர்தான்.

மனுஷன் சும்மா உட்கார்ந்து பதில் சொல்கிற ஆளில்லை. ஒருநாள் சுவரோடு பேசுவார். மறுநாள் யாரோ துரத்துவதாக என் வீட்டுக் கதவைத் தட்டி, “எப்படி, தத்ரூபமா இருக்கா?” என்று கண்ணடிப்பார். நடிப்புக்கு அவள் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவாள். “இதயம், கண்ணுன்னு படிக்கக்கூடாதா? பைத்தியக்கார டாக்டர்னா எவன் கட்டுவான்?” என்று சொந்தக்காரர்கள் வந்து அங்கலாய்த்தபோது, “அதெல்லாம் எம்பொண்ணு பாத்துப்பா. நீங்க டீயக் குடிங்க” என்று வாயை அடைத்தவரும் அவர்தான்.

அவளிடம் ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. தலையைச் சாய்த்து, “அப்புறம்?” என்பாள். அவ்வளவுதான், உப்பு கேட்கப் போன நான் மாமியார் கதை முழுவதையும் கொட்டிவிட்டு உப்பில்லாமல் திரும்புவேன். கண் கலங்கினால் “அழாதீங்கக்கா” என்று சொல்லமாட்டாள். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைப்பாள்.

சில மாதங்களாக அப்பா மறதிக்காரர் வேஷமே போட்டுக்கொண்டிருந்தார். கிழமையை மாற்றிச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னால் எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கினார். “பிரமாதம்ப்பா, அசல் நோயாளி தோத்தான்” என்று அவள் சிரித்தாள். நானும்தான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒருநாள் சாவி, குடை, நாற்காலி என்று மூன்று பொருள்களைச் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்டாள். இரண்டைச் சொல்லிவிட்டு அவர் விழித்தார். பத்துக்குப் பத்து போட்டுவிட்டு அவள் சமைக்கப் போய்விட்டாள். மறுநாள் காலை, பல் துலக்குகிற பிரஷ்ஷோடு அவள் முன்னால் வந்து நின்றாராம். “அந்த மூணாவது என்னம்மா? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், வரவே மாட்டேங்குது.”

என்னிடம் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. “எத்தனை மாசமாக்கா நான் கைதட்டிட்டு இருந்திருக்கேன்?” என்று மட்டும் கேட்டாள். நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

போன வாரம், அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே அப்பாவை அழைத்துப்போனாள். துணைக்கு நானும் போனேன். பெரிய டாக்டர் அதே கேள்விகளைக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். “நீ எடுத்துக் கொடுக்கக்கூடாதும்மா” என்றார் டாக்டர், தணிந்த குரலில். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்கேன் எடுக்கச் சம்மதம் கேட்டு நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். இவள் பேனாவை எடுத்து, கைப்பழக்கத்தில் ‘மருத்துவர்’ என்ற கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பிறகு அதை அடித்துவிட்டு, கீழே ‘நோயாளிக்கு உறவு’ என்றிருந்த இடத்தில் ‘மகள்’ என்று எழுதினாள்.