அண்ணா காத்திருந்த வளையம்

எங்கள் அண்ணா மாம்புரியில், கடற்கரையை ஒட்டிய வீட்டில் பிறந்தார். அப்பா கடற்றொழிலாளி, அண்ணாவுக்கோ தோணியில் கால் வைத்தாலே வாந்தி. அதனால் கமராவைத் தூக்கினார். திருமணம், பிள்ளைகள் நற்கருணை வாங்கும் முதல் நன்மை, கோயில் திருவிழா என்று இந்தக் கரையில் அவர் படம் பிடிக்காத குடும்பம் இல்லை. உங்கள் வீட்டு அலுமாரியிலும் அவர் எடுத்த அல்பம் ஒன்று இருக்கும்.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது சனிக் கோளின் வளையத்தில். பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் தொலைநோக்கியை வைத்து, அதில் கமராவைப் பொருத்திவிடுவார். காற்று அலைந்தால் கோள் தண்ணீருக்குள் கிடக்கும் காசு போல நெளியும். ஆகவே வீடியோவாக எடுத்து, தெளிவான காட்சிகளை மட்டும் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஒரு படம் செய்வார். ஒரு படத்துக்கு ஒரு கிழமையும் ஆகும்.

எங்கள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பந்தியில் எல்லோர் முன்னும் சிரிப்பார். "ஊரெல்லாம் சனியனை விரட்டுது, இவன் படம் பிடிச்சு வீட்டுக்குள்ள வைக்கிறான்!" அண்ணா பொறுமைசாலி. நான் அல்ல.

ஏறக்குறையப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். அப்போது அகன்ற வளையம் தூண்டில் நூலாக மெலிந்துவிடும். சென்ற முறை அண்ணாவிடம் தொலைநோக்கி இல்லை. அடுத்த முறை நெருங்கியபோது, "வாற வருசம் பிடிச்சிடுவன் தங்கச்சி" என்று காத்திருந்தார். அதற்குள் சிறுநீரக நோய் அவரைப் பாயில் கிடத்தியது.

கடைசிக் கிழமையில், "ஒருக்கா வெளியில வைச்சுத் தாங்கோ, பார்த்திட்டுப் போறன்" என்றார். தொலைநோக்கியைத் தூக்க இருவர் வேண்டும். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அத்தானைக் கேட்டேன்.

"சாகப்போறவனுக்கு வானத்தில வெள்ளி பார்க்கிற விளையாட்டு ஒண்டு! போய்ச் செபமாலை சொல்லு, போ."

அண்ணாவுக்கு அது கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டொரு நாளில் இறைவனடி சேர்ந்தார். அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. சுவாமியார் எத்தனை செபமாலை அபராதம் போட்டாலும் சொல்லி முடிப்பேன், மன்னிக்கமாட்டேன்.

இந்த வருடத் திருவிழாவில் கோயில் மண்டபத்தில் சனியின் பெரிய படமொன்று தொங்கியது. அகன்ற வளையம். கீழே அத்தானின் பெயர். "மச்சானை நினைச்சு, அவன்ர தொலைநோக்கியால போன மாசம் நானே எடுத்தது" என்று கண்ணைத் துடைத்தார். சனம் உருகிப்போனது. அது அண்ணாவின் கணினியில் கிடந்த பழைய படம்.

"ஓம் அத்தான், நல்ல வடிவு. அண்ணாட நினைவு மலரிலயும் போடுவம்" என்றேன்.

போட்டிருக்கிறேன். இந்த மலரின் நடுப்பக்கத்தில் இடப்புறம், அத்தானின் பெயரோடு அந்தப் படம். வலப்புறம், அவர் சொன்ன அதே மாதத்தில் நான் எடுத்தது: ஒரு பந்து, குறுக்கே ஒரு நூல். அந்த மாதம் உலகில் யார் பார்த்தாலும் சனி இப்படித்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைத்தவர், ஒருநாளாவது நிமிர்ந்து வானத்தைப் பார்த்திருக்கலாம். அக்கா கோபிப்பா. கோபிக்கட்டும்.

தொலைநோக்கியை என்னோடு முற்றத்துக்குத் தூக்கிவந்த எத்தாளை ஊர் முஸ்லிம் ஐஸ் வியாபாரி நானாவுக்கும், நோயில் அண்ணாவைத் தாங்கிய அயலவர்க்கும், பூசை ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும் எங்கள் நன்றி. அத்தானுக்கும் நன்றி, அவர்மேல் வந்த கோபம்தான் எனக்குப் படம் பிடிக்கக் கற்றுத்தந்தது. நினைவுப் பூசை முடிந்து பந்தியில் இருக்கையில் எல்லோரும் இந்த மலரை விரிப்பார்கள். அத்தான், உங்களுக்கு நேர் எதிர்க் கதிரையில் நான் இருப்பேன்.