என் மாப்பிள்ளையை அகற்றச் சொல்லி நான் எழுதிய சீட்டு

பிரியமான சபையாரே, இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். அன்று ஆமென் சொன்னவர்களில் நீங்களும் இருந்தீர்கள்.

நான் ஒரு மனிதரை ஏழு வருஷம் வெறுத்தேன். அவர் என் தங்கை ரூத்தின் புருஷன். பெயர் சேகர். எனக்கு மாப்பிள்ளை முறை. ஆனால் ஒரு நாளும் நான் அவரை மாப்ளே என்று கூப்பிட்டதில்லை. ‘ஏய்’ என்பேன். இல்லாவிட்டால் ‘பந்தாட்டம்’ என்பேன்.

அவர் மெட்ராசில் ஒரு மில்லின் கால்பந்து அணியில் ஆடியவர். ஃபுல்பேக், அதாவது பின்னால் நின்று கோலைக் காக்கிற ஆள். பந்துக்காகத்தான் மில்லில் வேலை கொடுத்திருந்தார்கள். முட்டி போனதும் வேலையும் போனது. எழுபத்தாறாம் வருஷம், கைக்குழந்தையோடும் மாசமாயிருந்த ரூத்தோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டில் இருந்ததே இரண்டு அறை. ஒன்றை விட்டுக்கொடுத்தேன். மனசோடு கொடுக்கவில்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூர் தாலுக்காவில் செய்யாற்றுப் பக்கம். காலனியில் ஆண்கள் ஏர் ஓட்டுவோம், மூட்டை தூக்குவோம். நான் ஐந்தாவது வரை படித்ததால் நிலக்காரர் ஒருவரின் ஆயில் இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. இவருக்கு ஏரும் தெரியாது, நடவும் தெரியாது, முட்டியும் மடங்காது. ரூத் நடவுக்குப் போவாள். இவர் சோறு வடிப்பார். அடிபைப்பில் தண்ணீர் அடித்து இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு விந்தி விந்தி நடப்பார். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தலை வாரி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விடுவார். சின்னவளுக்குக் காதில் சீழ் வந்தபோது உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போய் வந்தார். மூன்று நாள். அந்த முட்டியோடு.

அப்போது எனக்கு அது மானக்கேடாக இருந்தது. டீக்கடையில் உட்கார முடியாது.

“இன்னா தாவீது, உங்க மாப்ள பொடவ தொவச்சிக்கினு கீறாரே, நமுக்கும் ரெண்டு போட்டா அலசிக் குடுப்பாரா?”

“அது ஃபுல்பேக்குடா. பொண்டாட்டி பின்னாலயே நிப்பாரு.”

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலை அவர்மேல் கொட்டுவேன். அவர் தின்கிற சோற்றைப் பார்த்துப் பேசுவேன். என் மனைவி எஸ்தர் தடுத்தால் அவளையும் ஏசுவேன்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவரிடம் பழைய நாளின் ஞாபகமாக ஒரு ஜோடி பந்தாட்ட பூட்ஸ் இருந்தது. ஆணியில் மாட்டி, மாதத்துக்கு ஒரு தரம் எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒருமுறை பம்பின் அடி வால்வில், ஏறின தண்ணீர் திரும்ப இறங்காமல் அடைக்கிற தோல் கிழிந்துவிட்டது. புதுத் தோலுக்கு உத்திரமேரூர் போக வேண்டும். நான் போகவில்லை. ஒரு பூட்ஸை எடுத்து அறுத்தேன். வேண்டுமென்றேதான் அறுத்தேன். அவர் கிணற்றடிக்கு வந்து, வட்டமாக வெட்டிய தோலைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நல்ல தோலு மச்சான். தண்ணி உடாது” என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

எங்கள் சபையின் வழக்கத்தை மற்ற ஊர் விசுவாசிகளுக்காகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவரவர் பாரத்தை ஒரு சீட்டில் எழுதி, பேர் போடாமல், பிஸ்கட் டின்னில் போடுவோம். உபதேசியார் ஒவ்வொன்றாகப் படிப்பார். எல்லோரும் ஆமென் சொல்வோம். பிறகு டின்னைக் குலுக்கி ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதை எழுதினவர் யாராக இருந்தாலும், அந்த வாரம் முழுக்க அவருக்காக ஜெபித்து, அடுத்த வெள்ளி சீட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

எண்பத்து மூன்று, சித்திரை மாதம். மழை பொய்த்து ஏரியில் மாடு மேய்ந்த வருஷம். வீட்டில் அரிசிக்கே இழுபறி. அந்த வெள்ளிக்கிழமை நான் சீட்டில் எழுதினேன்: “எங்கள் வீட்டில் உட்கார்ந்து தின்கிற சத்துருவைக் கர்த்தர் சீக்கிரமாக அகற்ற வேண்டும்.”

உபதேசியார் உரக்கப் படித்தார். சபை முழுவதும் ஆமென் என்றது. யாருடைய வீடு, யார் சத்துரு என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதிப் பேருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ரூத் ஆமென் சொன்னாள். பின்வரிசையில் சின்னவளை மடியில் வைத்திருந்த சேகரும் சொன்னார். அவர் குரல்தான் பெரிசாகக் கேட்டது.

டின் சுற்றி வந்தது. என் சீட்டை எடுத்தவர் சேகர்.

பிரித்தார். படித்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். பேர் போடாவிட்டால் என்ன? டீசல் கை பட்ட காகிதம். ஓரத்தில் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. எங்கள் சபையில் இஞ்சின்காரன் நான் ஒருவன்தான். அவர் தலை தூக்கி என்னைப் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் நான் மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டு ஜெபித்தேன். எதற்கு? அவர் போக வேண்டும் என்பதற்கு. புதன்கிழமை ரூத் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டாள். என் எதிரே வந்து நின்றாள்.

“நாளைக்கிப் போறோம்ணா. செங்கல்பட்டுல அவுரு கூட ஆடனவரு ஒர்த்தரு கீறாரு. உன் ஜெபம் கேக்கப்பட்ச்சி. சந்தோஷமா இரு.”

நான் தடுக்கவில்லை. உள்ளே போய் ஸ்தோத்திரம் சொன்னேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

வியாழக்கிழமை காலை. நிலக்காரரின் கிணற்றில் தண்ணீர் அடியில் போய்விட்டதால், இருபத்தைந்தடி கீழே பனங்கட்டை பாய்ச்சி, பலகை போட்டு, இஞ்சினை அங்கே இறக்கியிருந்தோம். புகைக் குழாயை மேலே கொண்டுவந்திருந்தேன். அதில் ஒரு இணைப்பு விட்டிருந்தது. ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தேன். நாளை பார்க்கலாம் என்று பத்து நாள் ஓட்டிவிட்டேன்.

அன்று விடிகாலையில் கிளப்பிவிட்டு மேலே வந்திருந்த இஞ்சின், கொஞ்ச நேரத்தில் விக்கி விக்கி ஓடியது. இறங்கும் முன்னால் எங்கள் ஆட்கள் செய்கிறதைச் செய்தேன். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டேன். விளக்கு அணைந்தால் கெட்ட காற்று, இறங்கக் கூடாது. எரிந்தால் பயமில்லை. விளக்கு நன்றாக எரிந்தது. இறங்கினேன். இஞ்சின் புகையின் விஷம் விளக்கை அணைக்காது, ஆளைத்தான் அணைக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

பலகைக்கு வந்ததும் தலை பாரமாயிற்று. கால் இரண்டும் என்னுடையதல்ல என்பதுபோல் ஆயிற்று. உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. மேலே வானம் ஒரு சதுரமாகத் தெரிந்தது. மனசுக்குள், ‘ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்’ என்றேன். அதற்குமேல் ஞாபகம் இல்லை.

பிறகு நடந்ததை எஸ்தர் சொல்லி அறிந்தேன். எட்டு மணி பஸ்ஸுக்கு அவர்கள் அந்தக் கிணற்று வரப்பு வழியாகத்தான் போயிருக்கிறார்கள். எஸ்தர் வழியனுப்பக் கூடப் போயிருக்கிறாள். சேகர் தலையில் படுக்கைக் கட்டு. கிணற்றண்டை வந்ததும் நின்றிருக்கிறார்.

“இஞ்சின் சத்தம் சரியில்ல. மச்சான் இத இப்டி ஓட உட மாட்டாரே” என்றாராம். எட்டிப் பார்த்திருக்கிறார்.

ரூத் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்திருக்கிறாள். “நீ எறங்காத. உன் காலு நிக்காது. ரெண்டு பொண்ணு கீது நமக்கு.”

“நூறு எண்ற வரிக்கும் மூச்சு புடிப்பேன் ரூத்து. எங்க கோச்சு தண்ணித் தொட்டில முக்கி முக்கிப் பழக்கனதுதான். நீ எண்ணு. சத்தமா எண்ணு.”

படுக்கைக் கட்டின் கயிற்றை அவிழ்த்திருக்கிறார். என் வீட்டை விட்டுப் போவதற்காகக் கட்டிய கயிறு அது. முதல் தரம் இறங்கி இஞ்சினை நிறுத்திவிட்டு மேலே வந்தார். இரண்டாம் தரம் இறங்கி என் அக்குளில் கயிற்றைக் கட்டினார். என் தங்கை அழுகையோடு எண்ணிக்கொண்டே இருந்தாளாம். பக்கத்துக் கழனியில் இருந்த பெண்கள் ஓடிவந்து இழுத்தார்கள். நான் மேலே வந்துவிட்டேன். அவர் பாதிப் படியில் முட்டி பிசகிச் சரிந்தார். கல்லில் மோதி, கையாலேயே ஊர்ந்து ஏறி வந்தார். ரூத் நூற்றுப் பத்துக்கு மேலே எண்ணியிருந்தாள்.

கண் விழித்தபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் தெரிந்த முகம் அவருடையது. மூக்கில் ரத்தம். சபையாரே, பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷத்திலும் எனக்கு வந்த நினைப்பு, ‘இவனா?’ என்பதுதான். யாரையாவது அனுப்பும் என்றுதானே கேட்டேன். இவனை அனுப்பும் என்று கேட்கவில்லையே.

அவர் சட்டைப்பையில் இருந்து வேர்வையில் நனைந்த சீட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

“நாளிக்கி வெள்ளிக்கெழம. திருப்பிக் குடுக்கணும். நாங்க இருக்க மாட்டோம், நீங்களே குடுத்துடுங்க மச்சான்.”

அப்போதுதான் அழுதேன். ஏழு வருஷத்து அழுகை அது. “எங்கியும் போவாத மாப்ளே” என்றேன். அவர் சிரித்தார். “போறதா? எழுந்து நிக்கவே முடில மச்சான்.”

முட்டி சுத்தமாகப் போய்விட்டது. கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கி, எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாரோ அதே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் உபவாசமிருந்து கேட்டதைக் கர்த்தர் எனக்குக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஐந்து வருஷம் அவர் எங்களோடு இருந்தார். கோல் ஊன்றித்தான் நடப்பார். அடிபைப்பில் நான் தண்ணீர் அடித்தேன். குடத்தை இடுப்பில் வைத்து நான் கொண்டுவந்தேன். டீக்கடை சும்மா இருக்குமா?

“இன்னா தாவீது, மாப்ள வேலய நீ வாங்கிக்கினியா? அட்த்தது பொடவயா?”

“ஆமா, அட்த்தது பொடவதான். உன்துமிருந்தா எட்த்துனு வா” என்றேன். அதோடு விட்டார்கள். உட்கார்ந்தபடியே அவர் என் மகளுக்கும் சேர்த்து மூன்று பெண்களுக்குத் தலை வாரினார்.

போன வருஷம் ஐப்பசியில் மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோனார். அடக்கத்தன்று நம் சபையார் ஒருவர் என் காதருகே, “உனக்கும் ஒரு பாரம் கொறஞ்சிது” என்றார். பேர் சொல்லவில்லை. படிக்கிறபோது அவருக்குத் தெரியும். கல்லறையண்டை அடித்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது எனக்குள் தைத்துவிட்டது. அந்தப் பழைய சீட்டு இப்போது கேட்கப்பட்டுவிட்டதோ? ஐந்து வருஷம் பொறுத்துக் கர்த்தர் என் துரோக ஜெபத்துக்குப் பதில் கொடுத்துவிட்டாரோ? இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. சபைக்கும் வரவில்லை.

ரூத்திடம் போய்ச் சொல்லி அழுதேன். அவளுக்கு என்மேல் கோபம் தீரவில்லை. இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“உன் ஜெபத்துக்கு அவ்ளோ பவுரு கீதுன்னு நெனச்சிக்கினு கீறியா? அந்த வாரம் பூரா அவுரு முட்டி போட முடியாம செவுத்தப் புட்சிக்கினு நின்னு உனுக்குத்தாண்ணா ஜெபம் பண்ணாரு. எழுதனவருக்கு ஜெபம் பண்றதுதான முறைன்னாரு. உன் இருமலு, உன் இஞ்சினு, கெணத்துல நீ எறங்கறது, ஒண்ணு உடல. எனுக்கே எரிச்சலா இருந்திச்சி.”

அந்த வார்த்தையில் என் பாரம் இறங்கிற்று. கிணற்றுக்குள் நான் சத்தமில்லாமல் கேட்டதற்கு முன்பே, எனக்காக ஆறு நாள் கேட்கப்பட்டிருந்தது. நான் அவரை அகற்றும் என்று கேட்ட அதே வீட்டில், அடுத்த அறையில், அவர் என்னைக் காப்பாற்றும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கர்த்தர் இரண்டையும் கேட்டார். ஒன்றைத் தள்ளினார். தள்ளினதற்காக ஸ்தோத்திரம்.

அந்தச் சீட்டை நான் இன்னும் டின்னில் திருப்பிப் போடவில்லை. என் வேதாகமத்தில் இருக்கிறது. டீசல் வாசனை போய்விட்டது, கட்டைவிரல் கறுப்பு போகவில்லை.

ஆகவே சபையாரே, இஞ்சின் வைத்திருக்கிறவர்கள் விளக்கை நம்பி இறங்காதீர்கள். ஒரு மனிதரை அகற்றும் என்று எழுதப்பட்ட சீட்டு இனி படிக்கப்பட்டால், யாரும் ஆமென் சொல்லாதீர்கள். நான் சொல்ல மாட்டேன். உங்கள் எதிரியின் சீட்டே உங்கள் கைக்கு வந்தாலும், அவர் பேர் சொல்லி வாரம் முழுக்க ஜெபியுங்கள். நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் மாப்பிள்ளை சேகர் கேட்டதால் எழுதுகிறேன். அவர் கேட்டதைக் கொடுத்த தேவனை நீங்களும் நம்பிக் கேளுங்கள்.