கறார் அக்காவின் பத்து நாள்

துப்பாக்கி உரிமப் பிரிவில் பதினெட்டு வருஷமாக விசாரணைக்குப் போகிறவளுக்கு அலுவலகம் வைத்த பேர் கறார் அக்கா. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். மனு வந்தால் பத்து நாள் காத்திருப்பு. அதற்குள் மனுதாரரின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது அவள் வேலை. அவர் கைகாட்டும் சாட்சிகளோடு நிறுத்தமாட்டாள். தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறை வரைக்கும் போய்விடுவாள்.

இந்தத் தடவை மனுதாரர் ஒரு லாரி முதலாளி. "அவருக்குக் கோபம்னா என்னன்னே தெரியாதுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். பக்கத்து வீட்டம்மாவும் அதையே சொன்னாள். சமையலறையில் முதலாளியின் மனைவியும் அடுப்பைப் பார்த்தபடி எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். அப்பேர்ப்பட்ட சாதுவுக்குத் துப்பாக்கி எதற்காம்? படுக்கையறைக் கதவில் உதைபட்ட ஓட்டையைத் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். கறார் அக்கா அதைக் குறித்துக்கொண்டாள்.

"கையெழுத்தைப் போட்டுத் தொலைங்களேன்" என்றார் மேலதிகாரி. "மூணு பேரும் நல்லவர்னுதானே சொல்றாங்க?"

"மூணு பேர் சொல்லல சார். அவர் ஒருத்தரே மூணு வாயால சொல்லியிருக்கார்."

"ஆட்சேபம்னா சொன்னவங்க பேர் வேணும். இல்லேன்னா பத்தாம் நாள் கொடுத்துத்தான் ஆகணும்."

தெரு முழுக்க ஏறி இறங்கினாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பத்தாம் நாள் மாலை முதலாளி தன் மனைவியையும் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவளையே கேட்டுக்கோங்க" என்று மேஜையைத் தட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு. வீட்டில் அவள் வாயை அடைத்த மனுஷன், பத்துப் பேர் இருக்கிற இடத்தில் அவரே அதைத் திறந்துவிட்டார்.

கறார் அக்கா பேனாவை எடுத்தாள். "சொல்லும்மா. நீ சொல்றதை அப்படியே எழுதறேன்."

"துப்பாக்கி வந்ததும் முதல் குண்டு எனக்குத்தான்னு சொல்லியிருக்கார்" என்றாள் மனைவி. "கொடுக்காதீங்க. என் பேரையே எழுதிக்கோங்க அக்கா."

முதலாளி கையை ஓங்கினார். கறார் அக்கா எழுந்து குறுக்கே நின்றாள். "இது என் மேஜை. கையை இறக்குங்க."

கை இறங்கியது. "வீட்டுக்கு வாடி, பேசிக்கறேன்" என்று உறுமினார்.

"வரல" என்றாள் மனைவி.

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவரிடம் அவள் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கறார் அக்கா மனுவின் மேல் 'மறுக்கப்பட்டது' என்று எழுதி, கீழே ஆட்சேபம் சொன்னவர் என்று மனைவியின் பேரைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.